ஊர்ப் பெயர் பொறித்த செப்புக்காசு

செண்பகம் பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தினாள். பழைய ரோமாபுரிக் காசுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பாள். தலைநகரில் அடித்த தங்கக் காசுகள் அல்ல. பேரரசின் கீழிருந்த சின்ன ஊர்கள் தம் பெயரைப் பொறித்து வெள்ளியிலும் செம்பிலும் தாமே அடித்துக்கொண்டவை. அவற்றுள் ஒரு செப்புக்காசு மிக அரிது. அதை அடித்த ஊர் என்றைக்கோ அழிந்துவிட்டது.

2001 மழைக்காலத்தில், பெங்களூர் ஒக்கலிபுரத்தில் அவள் குடியிருந்த வீட்டின் பூட்டை உடைத்து யாரோ காசுகளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். திருடன் பிடிபட்டதும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளிக் கட்டியை மேசைமேல் வைத்தார். வெள்ளிக் காசுகளை உருக்கிவிட்டானாம். செம்பு எதற்கும் ஆகாதென்று ரயில் பாதை ஓரம் வீசிவிட்டானாம். கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்.

செண்பகம் அந்தக் கட்டியைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற கணவன் ஜெயவேலு, "எந்த இடத்துல வீசினான்?" என்று மட்டும் கேட்டான்.

அவன் பெங்களூருக்கு வேலைக்கு வந்த கோலார் தங்கவயல்காரன். அப்பா, தாத்தா எல்லாரும் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அந்த வருஷம் சுரங்கத்தை மூடி ஊர் காலியாகத் தொடங்கியதிலிருந்து அவன் வீட்டில் பேசுவதே குறைந்துவிட்டது. மனைவியின் காசுகளை அதுவரை அவன் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையிலேயே இருவரும் பாதைச் சரிவில் இறங்கினார்கள். சேறும் ஜல்லியும் பீங்கான் துண்டுகளுமாகக் கிடந்தது. ஜெயவேலு முழங்காலிட்டு ஒவ்வொரு கல்லாகப் புரட்டினான். பச்சை படிந்த காசுகள் சில கிடைத்தன. அந்த ஒன்று கிடைக்கவில்லை.

செண்பகம் மனதைத் தேற்றிக்கொண்டாள். அவனால் முடியவில்லை. வேலை விட்டு வரும்போதெல்லாம் சரிவில் இறங்கினான். ஒரு சாயங்காலம் அவள் தேடிப் போனபோது அவன் விரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"போதும்ங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"அந்தப் பக்கம் இன்னும் பாக்கல."

"காசுதானே? போனா போவுது."

"காசுக்கு இல்ல செண்பகம். ஊருதான் போயிடுச்சி. பேராவது மிஞ்சட்டுமேன்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு ஜல்லிமேல் உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கின. சுரங்கம் மூடிய அன்றுகூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

அவள் முந்தானையால் அவன் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவன் அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.