மதில் மேல் அம்புஜம்

அல்சூரில் எங்கள் மதிலுக்கு வெளியே இருக்கும் மூலை இருபது வருடமாகக் குப்பைமேடு. அங்கே கொட்ட வந்தவர்களை மாடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவமானப்படுத்தியிருக்கிறேன். பொதுப்பணித் துறையில் பெரிய பதவியில் இருந்த அப்பா கட்டிய வீடு இது. வாசலில் நாற்றமடிக்கலாமா?

தை மாதம் எதிர்வீட்டு அனுஷாவும் அவள் சிநேகிதர்களும் அந்த மூலையைச் சுத்தம் செய்து, பழைய டயர்களில் மண் நிரப்பித் தக்காளியும் கீரையும் வைத்தார்கள். மதிலில் படம் வரைய அனுமதி கேட்டாள், கொடுத்தேன். போன வாரம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "இன்னும் குப்பை போடுறவங்க மூஞ்சிய சுவத்துலயே வரைஞ்சிடுங்க" என்று எழுதினார். முதலில் ஆமோதித்தவன் நான்தான்.

இன்று காலை நடக்கக் கிளம்பியவன் மதிலைப் பார்த்து நின்றுவிட்டேன். கரிக்கோட்டில் ஆளுயரப் பெண். கொண்டை, மூக்குக்கண்ணாடி, கையில் வாளி. என் மனைவி அம்புஜம்.

காரணம் எனக்குத் தெரியும். விடியற்காலையில் அவள் துவைக்கிற கல்லின் மேல் ஏறி, மதிலுக்கு அப்பால் வாளியைக் கவிழ்ப்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை. ஊரை அதட்டியவன் வீட்டிலிருந்தே குப்பை விழுகிறது என்றால் எந்த முகத்தோடு கேட்பது?

அனுஷா பெயின்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"அத அழிச்சுடும்மா. குப்பை போட்டது நான்தான். வரையறதுன்னா என் மூஞ்சிய வரை."

"நீங்களா அங்கிள்? குடிச்ச காபி டம்ளரக்கூட எடுத்து வைக்க மாட்டீங்கன்னு ஆன்ட்டி சொல்வாங்களே!"

"அந்த வாளி..."

"அது அரிசி களைஞ்ச தண்ணி அங்கிள்! இங்க வாங்க."

மதிலடியில் இலைகளை விலக்கிக் காட்டினாள். சாம்பல் பூத்த இரண்டு பூசணிக்காய்கள்.

"ஆயுத பூஜைக்குக் காருக்கு திருஷ்டி சுத்தி இங்கதானே உடைச்சீங்க? அந்த விதைதான். நாங்க வரும்போதே குப்பைக்குள்ள கொடி ஓடியிருந்துச்சு. ஆன்ட்டி தெனமும் தண்ணி ஊத்தியிருக்காங்க. இதப் பாத்துதான் இங்க தோட்டம் போடலாம்னே தோணுச்சு. அதான் முதல் படம் அவங்க."

டயரின் விளிம்பில் உட்கார்ந்தேன். தெருவில் உட்காருவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. மூச்சு மட்டும் வெகு சுலபமாக வந்தது.

மதிலுக்கு மேல் அம்புஜத்தின் தலை தெரிந்தது. பக்கத்தில் வாளி.

"ஏன்னா, ரோட்டுல உக்காந்துண்டு என்ன பண்றேள்?"

"பூசணிக்கொடியப் பத்தி எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? திருஷ்டி கழிச்ச காயோட விதை, வீட்டண்ட வரப்படாதுன்னு பிடுங்கியிருப்பேள்."

பிடுங்கியிருப்பேன். வாஸ்தவம்.

"அப்போ அழிக்கணுமா அங்கிள்?" அனுஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் படத்தை மறுபடியும் பார்த்தேன்.

"வேண்டாம். ஆனா எங்காத்து மதில்ல தப்பா ஒண்ணும் இருக்கப்படாது. வாளிய இடது கைக்கு மாத்து. அவளுக்கு இடது கைப் பழக்கம்."