ஆறு மாதக் கெடு

ராஜபாளையத்துப் பட்டறையில் டீச்சரம்மா வீட்டுக் கேட்டைப் பற்றவைத்து முடித்த கண்ணுச்சாமி, பழக்கதோஷத்தில் எண் பொறிக்கும் பஞ்ச் உளியை எடுத்து இணைப்புக்குப் பக்கத்தில் 217 என்று அடித்துவிட்டார். டீச்சரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“புதுக் கேட்டுல என்னத்தய்யா கிறுக்கி வச்சிருக்கீரு?”

பட்டறைக்காரன் இசக்கிமுத்துதான் பட்டி பூசி மறைத்துத் தருவதாகச் சொல்லிச் சமாளித்தான்.

தெற்கே கடலோரத்து அணுமின் நிலையக் கட்டுமானத்தில் பதினான்கு வருஷம் குழாய் பற்றவைத்தவர் கண்ணுச்சாமி. அங்கே ஒவ்வொரு இணைப்பிலும் பற்றவைத்தவனின் எண் இருக்க வேண்டும், அவருடையது 217. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அறுபது வருஷம் கழித்துக் குழாய் கசிந்தாலும் அது யார் கை என்று ஏட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சைட்டில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஆனால் அந்த வேலை ஓடின நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? முதலில் ஊர்ச்சனம் வேண்டாமென்று மறித்தது. பிறகு விபத்து நடந்தால் நஷ்டஈடு யார் தலையில் என்று டெல்லியில் சட்டம் போட்டார்கள். அதைப் பார்த்து மிரண்டு, சாமான் கொடுக்கிறவன் கையெழுத்துப் போடவில்லை. இப்போது எங்கேயோ சண்டையாம், பேங்க் வழியாகப் பணம் போகவில்லை, வால்வு வரவில்லை. செலவு ஏறிக்கொண்டே போகவும் கான்ட்ராக்டர் கண்ணுச்சாமியையும் சேர்த்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆறு மாதம் அங்கே பற்றவைக்காமல் இருந்தால் தகுதிச் சான்று ரத்து. மறுபரீட்சைக்குக் கம்பெனி அனுப்ப வேண்டும். ஐம்பத்தாறு வயசுக்காரனை எவன் அனுப்புவான்? அந்த ஆறு மாதத்துக்கு இன்றுதான் கடைசி நாள்.

குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மனைவி பாலம்மாள் இறந்து இரண்டு வருஷமாகிறது. காலையில் பூட்டுகிற வீட்டைச் சாயங்காலம் அவரேதான் திறக்க வேண்டும்.

நாலரைக்குப் போன் வந்தது. சைட் போர்மேன் சிவபாண்டி.

“அண்ணே, வெல்டிங் கணக்க அஞ்சு மணிக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தணும். போன மாசம் இங்க வெல்டர் சதீஷ் போட்ட ஜாயிண்ட் ஒண்ணு இருக்கு. அதுல ஒங்க நம்பர எழுதிருதேன், சர்டிபிகேட் தப்பிச்சிரும். ஒரு பயலுக்கும் தெரியாது.”

“அவன் கையி, என் நம்பரா?”

“நல்ல ஜாயிண்ட்டுதாண்ணே. எக்ஸ்ரே பாஸு.”

“நல்லா இருந்தா அவன் பேருல இருக்கட்டும்லே.”

“இத விட்டா அம்புட்டுதான். பொறவு என்னையக் கேக்கப்பிடாது.”

“கேக்க மாட்டேம்ப்பா. வச்சிருதேன்.”

பெருமையாக ஒன்றும் இல்லை. யாருக்காக இந்த வீம்பு? சரி, எழுது என்று சொல்லிவிடலாமென்று மூன்று தடவை போனை எடுத்தார், மூன்று தடவையும் வைத்தார். ஐந்தே காலுக்கு, சைட் வாட்ஸப் குரூப்பிலிருந்து அவர் நீக்கப்பட்டதாகப் போன் காட்டியது.

“மாமா, அந்த டிரெய்லர் கொக்கியச் செத்த முடிச்சு விட்டுருங்க. ஆளு காத்துக்கிட்டு நிக்காரு” என்றான் இசக்கிமுத்து.

கண்ணுச்சாமி முகமூடியை இறக்கிக்கொண்டு குந்தினார். பாதி போட்டிருப்பார், பொறி பட்டென்று அணைந்தது. மின்விசிறி, பக்கத்துக்கடை ரேடியோ எல்லாம் ஓய்ந்தன.

“கரண்டு போயிருச்சு மாமா. டீ வந்திருக்கு, எந்திரிச்சு வாங்க.”

“வாரேன்” என்றார். குந்திய இடத்திலேயே இருந்தார், முகமூடியைத் தூக்கவில்லை.