பேனலில் தொலைந்த நிமிடங்கள்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகிற சாலையில் ஓர் இறால் கம்பெனி. அங்கே அம்பிகாவுக்கு ஃப்ரீசர் வேலை. இறால் தட்டுகளை ஏற்றிக் கதவைச் சாத்தி, கதவருகே இருக்கிற பேனல் திரையில் பச்சைப் பொத்தானைத் தொட வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து சிவப்பு. இடையில் ஓடிய நேரத்தைப் பேனலே எண்ணி ரிப்போர்ட்டில் போட்டுவிடும். ஆறு வருஷமாகச் செய்கிற வேலைதான். புதுப் பேனல் வந்த இந்த மூன்று வாரமாகத்தான் உயிரை வாங்குகிறது.

"மறுபடியும் மூணு மணி இருபத்திரண்டு நிமிஷம். இன்னாம்மா, அவசரப்பட்டு எடுத்துட்டியா?" சூப்பர்வைசர் தெய்வசிகாமணி ரிப்போர்ட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எட்டு பத்துக்குப் போட்டேன் சார். பன்னெண்டு பத்துக்கு எடுத்தேன். செவுத்துல கடியாரம் கீதே, அதைப் பாத்துதான் எடுத்தேன்."

"மெஷினு பொய் சொல்லுமா?"

போன வாரமும் இதே கேள்வி, இதே பதில். ஒரு நாள் இருபது நிமிஷம் குறையும், ஒரு நாள் நாற்பத்தைந்து. கடைசியில் மெமோ கொடுத்துவிட்டார்கள். சரி, பேனல் நாலு மணி நேரம் காட்டுகிற வரைக்கும் காத்திருப்போம் என்று மறுநாள் காத்திருந்தாள். அடுத்த லோடு முக்கால் மணி நேரம் ஐஸிலேயே கிடந்தது. அதற்கும் திட்டு அவளுக்குத்தான்.

"மூஞ்சி ஏன் இப்படிக் கீது?" என்று சாயங்காலம் புருஷன் கோதண்டம் கேட்டான்.

"மணி பாக்கத் தெரியாதவளாம் நானு!" என்று குழம்புச் சட்டியை டங்கென்று வைத்தாள். அவன் தானே சோற்றைப் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில், பேனல் போட்டுக் கொடுத்த கம்பெனியிலிருந்து விமல் வந்தான். பச்சையைத் தொட்டுவிட்டு, செல்போனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் திரையையே முறைத்தான். பேனலிலும் சரியாகப் பத்து நிமிஷம்.

"பேனல் சூப்பரா ஓடுது சார். ஆபரேட்டர் மிஸ்டேக்தான்."

தெய்வசிகாமணி அவளைத் திரும்பிப் பார்த்தார். அம்பிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இரு தம்பி. பத்து நிமிஷமும் திரையில அந்த மொதப் பக்கத்தை வுட்டு நீ நவுரவே இல்லியே. எனக்கு அப்படியா? கால் மணிக்கு ஒருவாட்டி டெம்பரேச்சர் பக்கத்துக்குப் போவணும், ஆறு இடத்துல பாத்து ரிஜிஸ்டர்ல எழுதணும். கதவு அலாரம் அடிச்சா அந்தப் பக்கத்துக்குப் போவணும். எங்க, டெம்பரேச்சரைத் தொறந்து வெச்சுட்டு பத்து நிமிஷம் சும்மா இரு பாக்கலாம்."

"அதுக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லக்கா."

"இல்லாங்காட்டி போவுது. தொறயேன்!"

திறந்தான். மூன்று பேரும் காத்து நின்றார்கள். பத்து நிமிஷம் ஆனதும் அவளே விரலை நீட்டி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். ஓடிய நேரம் பன்னிரண்டு நிமிஷம் என்று காட்டியது. டெம்பரேச்சரைத் திறக்கும் முன்னே காட்டியதும் அதே பன்னிரண்டுதான்; இடையில் போன பத்து நிமிஷத்தைக் காணோம்.

விமல் லேப்டாப்பைப் பேனலில் சொருகினான். கொஞ்ச நேரம் நோண்டிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நேரத்தை எண்ணுற புரோகிராமை இந்த முதல் பக்கத்துக்குள்ளயே எழுதி வெச்சிருக்காங்க சார். இந்தப் பக்கம் திறந்திருந்தாத்தான் எண்ணும். வேற பக்கம் போனா நின்னுடும்."

"யாரு எழுதினது?" என்றார் தெய்வசிகாமணி.

"எங்க ஆபீஸ்லதான்..."

மதியம் வரை உட்கார்ந்து மாற்றினான். இனி பேனல் எண்ண வேண்டியதில்லை. மெஷினை ஓட்டுகிற கன்ட்ரோலரே தொடங்கிய மணியையும் முடிந்த மணியையும் குறித்துக்கொண்டு, வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பேனலுக்கு அனுப்பும். எந்தப் பக்கம் திறந்திருந்தாலும், பேனலே அணைந்து போனாலும், நேரம் தப்பாது.

அடுத்த லோடை அவளே போட்டாள். வேண்டுமென்றே எல்லாப் பக்கத்துக்கும் போய்ப் போய் வந்தாள். ரிப்போர்ட்டில் நான்கு மணி நேரம், ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் அவள் கையுறை மாட்டிக்கொண்ட நேரம்.

தெய்வசிகாமணி ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டினார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அம்பிகா அவரையே பார்த்தாள். சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை.

"மூணு வாரமா இன்னா சார் சொல்லினு இருந்தேன்? மொதல்ல அந்த மெமோவை எடுத்துனு வாங்க. தப்பு என் மேல இல்லன்னு அதுலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

அவர் பேனாவைத் தேடினார்.