வீட்டு வண்டி புறப்பாடு

"சகல ஜனங்களுக்கும் தெரியப்படுத்துவது யாதெனில், புகையிலை வணிகச் செம்மலும் வருங்காலச் சட்டசபை உறுப்பினருமான பெருமாள்சாமி அவர்கள், மனிதகுலம் இதுவரை கண்டிராத டீசல் வீட்டு வண்டியில், வியாழக்கிழமை பழனி சென்று வேட்புமனு தாக்கல் செய்கிறார்கள். இனி அவர்கள் உண்பதும் உறங்குவதும் வண்டியில், வாழ்வது மக்களுக்காக!"

நாகல் நகர் முழுக்க இதை ஒலிபெருக்கியில் முழங்கவைத்தவர் பெருமாள்சாமியேதான். வாசகமும் அவருடையதே.

பழைய பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி, கட்டிலும் ஸ்டவ்வும் போட்டிருந்தார். டிரைவர் தலைக்கு மேல் கட்டளைகள் எழுதியாயிற்று: 'இருபது மைல் வேகத்தைத் தாண்டாதே. இறக்கத்தில் நியூட்ரலில் விடு.' இரண்டாவதை டிரைவர் கருப்பணன் ஒப்பவில்லை.

"நியூட்ரல்ல விட்டா பிரேக்கு ஒண்ண நம்பித்தான் போகணும் மொதலாளி. டீசல் மிஞ்சும், ஆளு மிஞ்சாது."

அரை மனதாக அதை அழிக்கச் சொன்னவர், வேறு வழியில் சிக்கனத்தைப் பிடித்தார். டீசலைச் சுமக்கவும் டீசல் செலவாகுமாம். ஆகவே பழனி போய்ச் சேருமளவுக்குத்தான் டாங்கில் ஊற்றவேண்டும் என்றுவிட்டார்.

மனு வாங்குவதற்கு வியாழக்கிழமைதான் கடைசி நாள். மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஜோசியரோ அன்று விடியற்காலையை விட்டால் நல்ல நேரமே இல்லை என்றுவிட்டார். மாலை போட வேண்டிய ஜனம் வத்தலக்குண்டிலிருந்து லாரியில் வந்து சேர உச்சிப்பொழுதாகும். பெருமாள்சாமி இரண்டுக்கும் பொதுவாக வழி கண்டார். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நல்ல நேரத்தில் மூட்டையைப் பக்கத்து வீட்டில் வைத்து, பயணம் புறப்பட்டதாகக் கணக்குப் பண்ணிக்கொள்வதில்லையா? அதுபோல் கருக்கலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியைப் பத்தடி நகர்த்தி நிறுத்தினார். என்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் பயணம் முறிந்துபோகும்.

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டவ்வின் மேல் சட்டி ஆடியது. பெருமாள்சாமிக்கு உட்கார முடியவில்லை. கட்டிலுக்கும் ஸ்டவ்வுக்கும் நடுவே நடந்தார். மனு இருக்கும் பையைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னலில் தலையை நீட்டினார். மறுபடி பையைத் தொட்டார். கீழே ஆறவைத்திருந்த இட்லியை இரண்டாம் தடவை மிதித்தபோது அவர் மனைவி ஜக்கம்மாள், கால் சும்மா இருக்காதென்றால் இறங்கி நடந்தே பழனிக்குப் போகலாமே, முருகனுக்கும் சந்தோஷம் என்றாள்.

ஒருவழியாக லாரி வந்தது. மாலைகள் விழுந்தன. பெருமாள்சாமி கும்பிட்டபடி, "எடப்பா" என்றார். கருப்பணன் கியரைப் போட்டான். வண்டி ஒரு விக்கல் விக்கி அணைந்தது.

டாங்கில் சொட்டு டீசல் இல்லை.

செத்த நேரத்தில் கிளப்பிவிடுவதாகச் சொல்லி, கருப்பணன் சைக்கிளில் போய் டின்னில் டீசல் கொண்டுவந்து ஊற்றினான். அப்புறம்தான், டாங்க் வறண்டதில் டீசல் குழாய்க்குள் காற்று ஏறி அடைத்திருப்பது தெரிந்தது. நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மணி ஒன்றரை.

"அடிச்சு விட்டா மூணுக்குள்ள சேத்துருவேன் மொதலாளி. கெளப்பவா?"

பெருமாள்சாமியின் கை பையை இறுக்கிப் பிடித்தது. வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகுகாலம். அணைந்த வண்டியைக் கிளப்பினால் அது புதுப் பயணம்.

ஹாரனடித்தபடி பழனி பஸ் கடந்தது.

"ஏங்க, அதுல ஏறிப் போயி மனுவக் குடுத்துட்டு வாங்க," என்றாள் ஜக்கம்மாள்.

"எறங்குனாலும் ராகுகாலம்தான்டி."

"அப்ப இங்க இம்புட்டு நேரமா நடக்குறீகளே, அது என்ன காலம்?"

அவர் மறுபடி நடந்தார். வாங்கிய மாலையைக் கழற்றவும் தோன்றாமல் கட்டில்வரை போனார், ஸ்டவ் வரை வந்தார். வெளியே லாரிக்காரர்கள் சாப்பாடு எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு ராகுகாலம் முடிந்தது. மனு வாங்குவதும் முடிந்தது.

வண்டி முதல் முடுக்கிலேயே கிளம்பியது.