மூன்று கல்யாணமும் ஒரு சிரிப்பும்

பள்ளிக்கூடத்துக்குப் பதினைந்து நாள் விடுமுறை விட்டார்கள். கணக்கு டீச்சரின் வீட்டில் அதை ஓய்வு என்று யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அம்மா முதல் நாளே காலண்டரில் மூன்று கல்யாணங்களை வட்டம் போட்டாள். அக்கா வீட்டுக்காரர் சுற்றுலாவுக்கு வேன் பேசினார். தலைமையாசிரியர் தன்னார்வத் தொண்டுக்கு யார் யார் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆர்வம் இல்லாதவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டுமாம்.

டீச்சருக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. கொக்கைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கொக்கு என்பது அறிவியல் டீச்சர். கழுத்து கொஞ்சம் நீளம். செல்லமாக அந்தப் பெயரை வைத்தவளே கணக்கு டீச்சர்தான். ஆறு வருடமாக ஒருத்தி டிபன் பாக்ஸில் மற்றவள் கை வைத்துச் சாப்பிட்டவர்கள். போன மாதம் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர், "கொக்கு டீச்சர் ஒத்தக் கால்ல நின்னுதான் பாடம் எடுக்கறாங்க, மீனுதான் ஒண்ணும் மாட்ட மாட்டேங்குது" என்று ஒரு நகைச்சுவையை வெளியிட்டார். மட்டமான நகைச்சுவை; ஆனால் அது சம்பள உயர்வு மாதம். முப்பது பேரும் சிரித்தார்கள். கணக்கு டீச்சரும் சிரித்தாள். மறுநாள் கொக்கு ராஜினாமா கொடுத்துவிட்டாள். விடுமுறையின் கடைசி ஞாயிறு வேறு ஊருக்குப் பயணம்.

முதல் கல்யாணம் சித்தப்பா மகனுக்கு. டீச்சர் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, மேடையில் ஒரு விநாடி பல்லைக் காட்டி, அந்தப் பக்கம் இறங்கினாள். மாப்பிள்ளை யார் பேச்சையும் கேட்காதவன் என்று பெயரெடுத்தவன். அன்று வீடியோக்காரர் சொன்ன பக்கமெல்லாம் தலையைத் திருப்பினான்.

"நீ எப்ப சாப்பாடு போடப் போற?" என்றாள் அத்தை.

"பசிக்குதுன்னா இப்பவே போய் உக்காருங்க அத்தை."

அடுத்து இலவசக் கண் பரிசோதனை முகாம். தன்னார்வலர்கள் பதினெட்டு, கண்கள் பதினான்கு. ஆளுக்கு ஒரு கண் கூடத் தேறவில்லை. வழி கேட்க உள்ளே வந்த ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, போர்டில் கடைசி வரி வரை படிக்கச் சொன்னார்கள். படித்துவிட்டார். எல்லாருக்கும் ஏமாற்றம்.

சுற்றுலாவோ, பதினோரு பேரின் இயற்கை உபாதைக்கும் தனித்தனியாக வண்டியை நிறுத்தியதில், இயற்கைக் காட்சிக்கு நேரமில்லாமல் முடிந்தது.

ஒவ்வொரு நாளும் டீச்சர் கொக்கு வீட்டுக்குக் கிளம்பத்தான் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் யாராவது கூப்பிட்டார்கள். எல்லாரையும் மனசுக்குள் கரித்துக் கொட்டிக்கொண்டே, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஒழுங்காகப் போனாள்.

இரண்டாம் கல்யாணம் பாட்டு டீச்சருக்கு. செருப்புக் குவியலில் தன் ஜோடியைத் தேடி நிமிர்ந்தால், எதிரே கொக்கு.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் வீட்லதான் இருப்பேன்" என்றாள் கொக்கு, செருப்புகளைப் பார்த்தபடி.

டீச்சர் வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து, "கணக்கு மிஸ்! ஸ்டாஃப் எல்லாரும் போட்டோவுக்கு!" என்று தலைமையாசிரியரின் குரல்.

"சரி, வர்றேன்" என்று கொக்கிடம் சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மூன்றாம் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துவைத்தபோது, "வயித்து வலி" என்று பொய் சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்குக் கொக்கு வீட்டு மாடிப்படி ஏறினாள். இரண்டாவது மாடி. கதவில் பூட்டு.

எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "அவங்க பத்தரைக்கே பெட்டியோட போயாச்சு."

டீச்சர் போன் போட்டாள். "எங்கடி இருக்க?"

"பஸ்ல. ஏன்?"

"உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன். மத்தியானம் வரைக்கும் இருப்பேன்னு சொன்ன?"

"நீதான் 'சரி, வர்றேன்'னுட்டுப் போயிட்டியே. அதோட நீ முடிச்சிட்டேன்னு நெனச்சேன்."

"வர்றேன்னா வர்றேன்னு அர்த்தம்டி!"

"கிளம்புற எல்லாரும் அதைத்தான்டி சொல்றாங்க. போறேன்னு எவ சொல்லிட்டுப் போறா?"

கணக்கு டீச்சர் படியிலேயே உட்கார்ந்தாள். எதிர்வீட்டு அம்மாள் உள்ளே போய், கதவை மட்டும் சாத்தாமல் விட்டாள்.

"அன்னைக்கு மீட்டிங்ல சிரிச்சேன்ல… அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"சிரிச்சதை விடு. முப்பது பேர் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் என் மூஞ்சியப் பாக்கல பாரு, அதுக்குக் கேளு."

"அது வந்து, லீவுல ஒரே கல்யாணம், கேம்ப்பு, டூரு, மூச்சு விட…"

சொல்லச் சொல்ல அவளுக்கே அசிங்கமாக இருந்தது. யார் கல்யாணத்தில் அவளைத் தேடினார்கள்? பதினான்கு கண்ணுக்குப் பதினெட்டாவது ஆளா வேண்டியிருந்தது? தேடியவள் ஒருத்திதான், அங்கே போகத்தான் நேரம் கிடைக்கவில்லை.

"உன்னப் பாக்கப் பயமா இருந்துச்சுடி. மன்னிச்சிடு" என்றாள் மெதுவாக.

"என்னது? பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"மன்னிச்சிடுன்னேன்."

"சத்தமா சொல்லேன்!"

டீச்சர் எழுந்து நின்றாள். கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல் அது. பன்னிரண்டு வருட அனுபவம். "என்னை மன்னிச்சிடுடி! தப்புப் பண்ணிட்டேன்!"

மேல் மாடியில் ஒன்று, கீழ் மாடியில் இரண்டு என்று கதவுகள் திறந்தன. ஒரு வீட்டில் டிவியை அணைத்தார்கள். போனில், இவ்வளவு நேரமும் எந்தப் பஸ்ஸின் சத்தமும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. பஸ் ஸ்டாண்டில் வண்டியை இன்னும் கிளப்பவே இல்லை.

"ம். இப்ப கேட்டுச்சு" என்றாள் கொக்கு.