ஞாயிற்றுக்கிழமை காட்டிய வீடு

சனிக்கிழமை மாலை முழுவதும் அவன் அந்த வீட்டின் இடுக்குகளிலிருந்து அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் கண்ணாடி அதிராமலிருக்க நான்காக மடித்துச் செருகியவை, அலமாரிக் கதவு கடகடக்காமலிருக்க மூலையில் திணித்தவை, ஃபிரிட்ஜின் கால்களுக்கு அடியில் வைத்த ரப்பர் துண்டுகள், தட்டுகளுக்கு நடுவே விரித்த கிழிந்த பனியன்கள். ஆறு மாதமாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. வீட்டின் பின்சுவரை ஒட்டி, டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. திங்கள் முதல் சனி வரை காலை ஆறு மணிக்கு அங்கே இயந்திரம் விழ ஆரம்பிக்கும். பகல் இரண்டு மணி வரை, நான்கு நொடிக்கு ஒரு தடவை, தொம். டம்ளரில் இருக்கும் தண்ணீர் ஒவ்வொரு தொம்முக்கும் வட்டம் போடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு வேறு வீடாகிவிடும். நாளை ஞாயிறு. சாமான்கள் இரவே வண்டியில் புது வீட்டுக்குப் போய்விடும். காலை பத்து மணிக்கு வீடு பார்க்க ஓர் ஆளை வரச் சொல்லியிருந்தான்.

நாற்பது நாள் குழந்தையோடு மனைவி தாய்வீட்டிலிருந்து வந்து நான்கே நாள்தான் இங்கே இருந்தாள். ஒவ்வொரு தொம்முக்கும் குழந்தை தூக்கத்திலேயே இரண்டு கைகளையும் விரித்து, பிடிக்க எதுவும் கிடைக்காதது போலக் காற்றைப் பிடித்தது. அவனுக்கு வேலை காது பரிசோதனை நிலையத்தில். காது கேளாதவர்களுக்குச் சோதனை செய்து, கருவி பொருத்தி, அதன் ஒலியைச் சரிசெய்து தருபவன். ஐந்தாம் நாள் காலை பையைக் கட்டியபடி மனைவி கேட்டாள்: "ஊர்ல இருக்கிறவங்க காதையெல்லாம் சோதிக்கிறீங்க. இந்த வீட்டப் பாக்கப் போனப்ப மட்டும் உங்க காதைக் கழட்டி வச்சிட்டா போனீங்க?" அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் இந்த வீட்டைப் பார்த்திருந்தான்.

அதையே வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தான். அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தின் மூன்றாவது பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு வருடத்துக்குக் கையெழுத்து. நடுவில் போனால் மீதி ஆறு மாத வாடகையைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் மீதிக் காலத்துக்குத் தன் இடத்தில் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்துக் கை காலியாகியிருந்த நேரம். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றான் அவன்.

"நீங்க கேக்கலையே தம்பி," என்றார் வீட்டுக்காரர். "நீங்களும் ஞாயித்துக்கிழமையே காட்டுங்க. யார் வேணாங்கிறா?"

அந்த வாரம்தான் தபால் நிலையத்து அக்கா கருவி சரிபார்க்க வந்தார். கடிதம் பிரிக்கும் வேலை, மதியத்திலிருந்து இரவு வரை. முப்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் காதுகளை எடுத்துக்கொண்டு போய்விட, பதினெட்டு வருடம் எதிராளியின் வாயைப் பார்த்தே காலம் தள்ளியவர். இரண்டு மாதம் முன்பு அவன்தான் அவர் காதில் கருவியை வைத்தான். முதலில் கேட்ட சத்தம் அவருடைய வளையலே. கையைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, இது இத்தனை வருஷமும் பேசிக்கொண்டா இருந்தது என்று கேட்டார். அன்று மாலை அவன் வீட்டுக்கு நடந்தே போனான், அவ்வளவு சந்தோஷம்.

"கேக்க ஆரம்பிச்ச மூணாவது நாளே நல்ல செய்தி கேட்டேன் தம்பி," என்றார் இப்போது. அண்ணன் வீட்டில்தான் இருந்தார். சமையலறையில் நின்றுகொண்டு, இவர் பக்கத்திலிருக்கும்போதே, அண்ணி யாரிடமோ போனில் இந்தச் செவிட்டுப் பாரம் என்றைக்குத்தான் இறங்குமோ என்று சொல்லியிருக்கிறாள். "பதினெட்டு வருஷமா அண்ணி சிரிச்சுக்கிட்டேதான் பேசுவாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே இருந்திருக்கேன்." அதைச் சொல்லும்போதும் சிரித்தார். தனக்கென்று ஒரு வீடு வேண்டும், ஓர் அறை போதும், நானே பூட்டி நானே திறக்கிற மாதிரி, உங்களுக்குத் தெரிந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று அவன் பிறகு பலமுறை யோசித்தான். அதிகம் போனால் இரண்டு தொம். அதற்குள் அவன் மனம் ஒரு முழு வழக்கையும் நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டது. அந்தச் சத்தத்தை அணைத்துவைக்க உலகத்தில் இவர் ஒருவரால்தான் முடியும், கருவியைக் கழற்றினால் போதும், இந்த வீட்டுக்கென்றே பிறந்தவர். பார்க்கப்போனால் இது உதவி. அவருக்கு எழுதிக் கொடுத்த தாளில் தன் கையெழுத்திலேயே, முதல் ஆறு மாதம் விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவியைக் கழற்றவே கூடாது என்று எழுதியிருந்ததை மட்டும் அந்த வழக்கில் யாரும் எடுத்துக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு அக்கா வந்தார். செருப்பை வாசலில் நேராக வைத்துவிட்டு, வெறும் அறையின் நடுவில் போய் நின்றார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். குழாயைத் திறந்து தண்ணீரைக் கேட்டார். பிறகு காதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுமே கேக்கலையே தம்பி. மெஷின் வேலை செய்யுதா?"

"செய்யுதுக்கா," என்றான். "வீடு அப்படி."

அவர் கையைத் தட்டினார். காலி அறை அதைத் திருப்பிக் கொடுத்தது. இன்னொரு முறை தட்டினார். என் கைதட்டல் எனக்கே திரும்பி வருகிறது என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அன்று பிற்பகலே வீட்டுக்காரர் முன்னால் அவர் கையெழுத்துப் போட்டார். அவனுடைய ஒப்பந்தம் ரத்தானது. படி இறங்கும்போது வீட்டுக்காரர் அவன் தோளில் லேசாகத் தட்டினார். ஒரே தொழிற்காரர்கள் தட்டிக்கொள்வது போல இருந்தது அது.

மூன்று வாரம் கழித்து அக்கா நிலையத்துக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சத்தம் பெரிதாக இருக்கிறது என்றார். அவன் கருவியைக் கணினியோடு இணைத்தான். எத்தனை மணி நேரம் போட்டிருந்தார், எந்த மாதிரிச் சத்தத்தில் இருந்தார் என்று அது கணக்கு வைத்திருக்கும். முன்பு பத்தில் ஒரு பங்காக இருந்த இரைச்சல் இப்போது பாதி. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் போட்டிருந்தார். சொன்ன பேச்சைத் தட்டாமல், காலை ஆறு மணியிலிருந்து வேலைக்குக் கிளம்பும் வரை, அந்தச் சுவரோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவன் பெரிய சத்தங்களை மட்டும் குறைத்தான். அடுத்த முறை வந்தபோது எல்லாவற்றையும் இரண்டு படி குறைத்தான். அதற்கடுத்த முறை, மேலதிகாரி கூப்பிடுவது கேட்கவில்லை என்று திட்டு வாங்கியதாகச் சொன்னார். ஆனாலும் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். கணினி வரைபடத்தில் அவர் வளையலின் மெல்லிய ஒலி இருந்த இடத்தை அவன் அறிவான். திரையில் அந்த இடத்தைத் தன் விரலாலேயே அழுத்திக் கீழே இறக்கினான். ஒவ்வொரு முறையும் "பழகிடும்க்கா" என்றான். புது வீட்டில் குழந்தை கைகளை மடித்துக்கொண்டு நன்றாகத் தூங்கியது. அவனுக்குத்தான் காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது, ஒரு சத்தமும் இல்லாமல்.

நான்காம் முறை வந்தபோது கணினியை இணைக்கும் முன்பே அவர் பேச ஆரம்பித்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. உங்க எல்லாருக்கும் இப்படித்தான் கேக்குமா? பொறந்ததுலேருந்தா? கழட்டினாலும் கால் வழியா ஏறி வருது தம்பி. அண்ணன் வீட்டுல ஆளுங்க பேச்சுல இது அமுங்கிப்போச்சு போல, ஞாயித்துக்கிழமை அசந்து தூங்கிடறேன். எனக்கு மறந்துபோச்சு போல. காது இருந்த காலத்துல வீடுன்னா இவ்வளவு சத்தமாவா இருந்துச்சு? நீங்கல்லாம் எப்படித் தாங்கிக்கிறீங்கன்னு நெனச்சா பெரிய விஷயமாத்தான் இருக்கு."

அவன் சுட்டியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவர் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன அட்டையை மேஜை மேல் வைத்தார். நான்காக மடித்த தடம் தெரிந்தது. நிலையத்தின் பெயர் அச்சிட்ட, நோயாளிகளுக்கு அடுத்த தேதி எழுதிக் கொடுக்கும் அட்டை. சமையலறை ஜன்னல் இடுக்கில் ஒன்றை அவன் விட்டிருக்கிறான். "பெருக்குறப்ப கீழ விழுந்துச்சு. அத எடுத்ததும் கண்ணாடி ஆட ஆரம்பிச்சிருச்சு. அப்பத்தான் வெளங்குச்சு, நல்ல யோசனை. இது மாதிரி பழசு ஒரு பத்து இருந்தாக் குடுங்களேன், எல்லா ஜன்னலுக்கும் வச்சிக்கிறேன்."

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது.

"எல்லாருக்கும் இப்படிக் கேக்காதுக்கா," என்றான். நிலையத்துக்கு வரும் எல்லோரிடமும் பேசுவது போல வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "அந்த வீட்டுல மட்டும்தான். பின்னாடி பட்டறை இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."

அவர் அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். அதிலிருந்த தேதியை, அவன் கையெழுத்தை. விரலால் அதன் மடிப்பை ஒருமுறை நீவினார்.

"நீங்க வரச் சொன்னது ஞாயித்துக்கிழமை," என்றார்.

"ஆமாக்கா."

அவர் இடது காதிலிருந்து கருவியை எடுத்தார். பிறகு வலது காதிலிருந்து. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் கையை மூடிக்கொண்டார். நாற்காலியை மெல்லத் திருப்பி, அவனுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவன் பேசினான். வீட்டுக்காரரிடம் தானே போவதாகச் சொன்னான். மீதி மாதங்களுக்கு ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கே மாற்றிக்கொள்வதாக, வாடகையைத் தானே கட்டுவதாக, வேறு வீடு பார்த்துத் தருவதாக, இந்த முறை புதன்கிழமை காட்டுவதாகச் சொன்னான். மன்னிப்பும் கேட்டான். வாடகை, வீட்டுக்காரர், புதன்கிழமை எல்லாம் அந்தப் பின்கொண்டையில் பட்டு அங்கேயே நின்றன. எதிரே போய் நின்று முகத்தைக் காட்டலாம். எழுந்தான். அவர் தலை மிகக் கொஞ்சமாக, வேண்டாம் என்பது போல, மறுபக்கம் சாய்ந்தது. உட்கார்ந்துவிட்டான்.

வெளிச் சத்தம் புகாமலிருக்க நான்கு சுவரிலும் பஞ்சும் துணியும் வைத்துத் தைத்து, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்ட அறை அது. பேச்சை நிறுத்தியதும்தான் கேட்டது. கருவியை அணைக்காமல் கைக்குள் மூடினால் அது கூவும், அணைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தான். மடியில் மூடியிருந்த அந்தக் கைக்குள்ளிருந்து ஊசி போல மெல்லிய கூவல் ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அது அவன் ஒருவனுக்குத்தான் கேட்டது.