உதைப்பு கோசியானின் நான்காவது முயற்சி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், அந்தப் பக்கத்தில் ரோலண்ட் கோசியானைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்த எல்லோரும் அவரை 'உதைப்பு கோசியான்' என்றுதான் சொல்வார்கள். டப்ரோவ் பள்ளியில் மரவேலை ஆசிரியர்; பதினோரு ஆண்டுகளாக அதன் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குப் பயிற்சியாளர். பள்ளியே சிறியது என்பதால் பக்கத்துக்கு எட்டுப் பேர் வைத்து ஆடும் ஆட்டம்.

அந்த ஆட்டத்தில் நான்கு முயற்சிக்குள் பந்தோடு பத்து கஜம் முன்னேறிவிட்டால் பந்து நம்மிடமே இருக்கும். மூன்றில் முடியாவிட்டால் இரண்டு வழி. நான்காவது தடவையும் துணிந்து ஓடிப் பார்க்கலாம். தவறினால் பந்து அதே இடத்தில் எதிராளிக்குப் போய்விடும். அல்லது பந்தைத் தூக்கி உதைத்து, எதிராளியைத் தூரத்தில் தள்ளிவிடலாம். பதினோரு ஆண்டுகளில் கோசியான் ஒரு தடவைகூட ஓடச் சொன்னதில்லை. வலது காலை லேசாகத் தூக்கிக் காட்டுவார். உதை என்று அர்த்தம். மனைவி பால் வாங்கி வரச் சொன்னால்கூடப் பால் டப்பாவை அடுத்த தெருவுக்கு உதைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார் என்று, பெட்ரோல் பங்கில் காப்பி குடிக்கிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

போன வருஷம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பக்கத்து ஊர் ஸ்டார்க்கோடு கடைசி ஆட்டம், இரண்டு புள்ளி முன்னிலை, கடைசி நிமிஷம். கோசியான் உதைக்கச் சொன்னார். ஸ்டார்க் பையன் ஒருவன் பந்தைப் பிடித்து எல்லைக் கோடுவரை ஓடியே போய்விட்டான்; டப்ரோவ் தோற்றது. அடுத்த திங்கட்கிழமை பள்ளி வாரியத் தலைவி லோரீன் மரவேலை வகுப்புக்கே நேரில் வந்தார்.

"இன்னும் ஒரு வருஷம் தர்றோம் ரோலண்ட். அடுத்த சுற்றுக்குப் போகலைன்னா வேற கோச் பாத்துக்குவோம். மரவேலை உங்களுதுதான், அதுல மாத்தமில்ல."

அந்த ஒரு வருஷம் முடிந்து, அக்டோபரின் கடைசி வெள்ளிக்கிழமையும் வந்தது. மைதானத்தில் விளக்கு கிடையாது; அதனால் ஆட்டம் பகல் இரண்டு மணிக்கே தொடங்கியது. மைதானத்தைச் சுற்றிப் பிக்கப் வண்டிகள் மூக்கை உள்ளே நீட்டி வரிசையாக நின்றன; ஒரு ஓரத்துக்கு அப்பால் ஊர்த் தானியக் கிடங்கு. எதிரணி அதே ஸ்டார்க். ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால் கோசியானுக்கு அதுவே கடைசி ஆட்டம். டப்ரோவ் 28, ஸ்டார்க் 26. மீதி ஒரு நிமிஷம் பதினெட்டு நொடி. பந்து டப்ரோவின் கையில்தான் இருந்தது, ஆனால் சொந்தப் பாதியில், மூன்று முயற்சியும் முடிந்து, இரண்டு கஜம் குறைவாக.

கோசியானின் வலது கால் தானாக எழுந்தது.

வண்டிகளுக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பியது. "அட கடவுளே, இந்தத் தடவையுமா!" என்று யாரோ ஒரு பெண்மணி வாய்விட்டே சொன்னார். எதிர்க்கரையில் ஸ்டார்க்கின் பயிற்சியாளர் கெல்வின் ட்ரூபா கையைத் தட்டிக்கொண்டு ஆட்களை மாற்றத் தொடங்கினார். அவரும் கோசியானும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள்.

"காத்து பாத்து உதைக்கச் சொல்லுடா ரோலண்ட்! போன வருஷம் மாதிரி அழகா வரட்டும்!"

காற்று வடக்கிலிருந்து டப்ரோவ் பையன்களின் முகத்தில்தான் அறைந்துகொண்டிருந்தது. கோசியானின் பக்கத்தில் நின்ற கணக்கு ஆசிரியை மார்லா, அவருக்குத் துணைப் பயிற்சியாளர், நோட்டைப் பிரித்தார்.

"இந்தக் காத்துல கேல் இன்னிக்கு மூணு தடவை உதைச்சிருக்கான். பதினாறு, பத்தொம்பது, பதினொண்ணு. சராசரி பதினஞ்சு கஜம். அவ்வளவுதான் ரோலண்ட்."

"ஓடித் தவறிட்டா?"

"பந்து இங்கயே அவங்களுக்கு. உதைச்சா பதினஞ்சு கஜம் தள்ளி அவங்களுக்கு. ஓடி ஜெயிச்சா அவங்க பந்தைத் தொடவே முடியாது. கடிகாரத்தை நிறுத்த அவங்ககிட்ட டைம்-அவுட் ஒண்ணுகூட மிச்சமில்ல."

கோசியான் தன்னிடமிருந்த கடைசி டைம்-அவுட்டைக் கேட்டு வாங்கினார். பையன்கள் ஓடி வந்து சூழ்ந்தார்கள். நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் அனுப்பும் வேட், மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான்.

"கோச், நடுவுல நின்ன ரெண்டு பூதத்தையும் வெளிய கூப்பிட்டுட்டாங்க. பந்து பிடிக்க ரெண்டு ஓட்டக்காரனுங்க பின்னாடி போயிட்டானுங்க. இப்ப என் எதிர்ல நிக்கிறவன் என் தங்கச்சி எடைகூட இருக்கமாட்டான்."

"உன் தங்கச்சி கொஞ்சம் குண்டுதான்டா," என்றான் டோபி. உதைப்பவனுக்கு முன்னால் நின்று அவனுக்குக் காவல் கொடுக்கும் குட்டைப் பையன்.

"வாயை மூடுறா!"

கோசியான் சிரிக்கவில்லை. பதினோரு ஆண்டுகளாகத் தாம் ஏன் உதைக்கச் சொன்னோம் என்பது அந்த நொடியில் அவருக்கே தெளிவாகிவிட்டது. உதைத்துத் தோற்றால் காற்றின் மேல் பழி போடலாம், பந்தைத் துரத்தியவன் மேல் போடலாம். ஓடித் தோற்றால் பழி போட ஆள் கிடையாது. வேலையும் போய், மடையன் என்ற பெயரும் சேர்ந்து வரும். ஆனால் எதிரே வேட் சொன்னது சொன்னபடி இருந்தது: கோசியான் உதைப்பார் என்று ட்ரூபா தம் பலத்தையெல்லாம் கலைத்து வைத்திருந்தார்.

"டோபி," என்றார் தாழ்ந்த குரலில், "எல்லாரும் உதைக்கிற மாதிரியே நில்லுங்க. பந்து உன்கிட்ட வரும். வேட் முதுகை விடாதே. ரெண்டு கஜம். அவ்வளவுதான்டா வேணும்."

கேல் கேட்டான்: "அப்ப நான், கோச்?"

"நீ காத்தை உதை. நல்லா உதைக்கணும்."

பையன்கள் திரும்பி ஓடினார்கள். கோசியான் வாயருகே கையைக் குவித்து, எதிர்க்கரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: "கேல்! தானியக் கிடங்குப் பக்கமா உதை! தாழ்வா! போன வருஷம் மாதிரி நடுவுல தூக்கிக் குடுத்துறாதே!"

ட்ரூபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னால் நின்ற இரண்டு ஓட்டக்காரர்களையும் கிடங்குப் பக்கம் நகரச் சொல்லிக் கை காட்டினார்.

பந்து வேட்டின் கால்களுக்கிடையே பாய்ந்து டோபியின் நெஞ்சில் வந்து அடித்தது. கேல் காலை வீசி வெறும் காற்றை ஓங்கி உதைத்தான். அத்தனை மும்முரமாக உதைத்ததில் மல்லாந்து விழுந்தான். கிடங்குப் பக்கம் நின்ற இருவரும் அண்ணாந்து வானத்தில் பந்தைத் தேடினார்கள். வேட் தன் எதிரில் நின்றவனை அலமாரியை நகர்த்துவதுபோல் நகர்த்தினான். அந்த இடைவெளியில் டோபி நுழைந்தான். ஒரு கஜத்தில் யாரோ கணுக்காலைப் பிடித்தார்கள். அவன் நிற்கவில்லை, பந்தை இரண்டு கையாலும் அணைத்தபடி முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். அவன் மேல் நாலு பேர் விழுந்தார்கள்.

நடுவர் ஒவ்வொருவராகப் பிரித்து எடுத்தார். அளவுச் சங்கிலியைக் கொண்டுவந்து மண்ணில் இழுத்துப் பிடித்தார்கள். மார்லா நோட்டால் கண்ணை மறைத்துக்கொண்டார். கோசியான் மறைக்கவில்லை. பந்தின் மூக்கு சங்கிலிக் கம்பத்தைத் தாண்டி இரண்டு விரல்கடை நீட்டிக்கொண்டிருந்தது. நடுவரின் கை முன்னால் நீண்டது.

"பந்து டப்ரோவுக்கே!"

அதன்பின் செய்வதற்கு அதிகமில்லை. மூன்று தடவை பந்தை வாங்கி, நேரத்தைக் கரைக்க அப்படியே மண்டியிட்டார்கள். கடிகாரம் தானே ஓடித் தீர்ந்தது. பையன்கள் டோபியைத் தூக்கினார்கள், கேலைத் தூக்கினார்கள், வேட்டைத் தூக்கப் பார்த்து முடியாமல் அவனோடு சேர்ந்து சரிந்தார்கள்.

ட்ரூபா மைதானத்தைக் கடந்து வந்து கோசியானின் கையைப் பிடித்தார். விடவில்லை.

"பதினோரு வருஷமா இதுக்குத்தான் உதைச்சுக்கிட்டே வந்தியாடா?"

"ஆமாம்னு சொன்னா நம்புவியா?"

"நம்பமாட்டேன். ஆனா ஊர்ல போய் அப்படித்தான் சொல்லப்போறேன். வேற எப்படிச் சொன்னாலும் என் மானம் போயிடும்."

அதற்குள் வண்டிகளில் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒன்று, பத்து, பிறகு மைதானத்தைச் சுற்றி முழுக்க. ஒவ்வொருவராக ஓய்ந்த பின்பும், கிழக்கு மூலையில் நின்ற நீல நிற வண்டி மட்டும் நிறுத்துவதாக இல்லை. யாரடா அது என்று கோசியான் திரும்பிப் பார்த்தார். லோரீன் ஒரு கையால் ஹாரனை அழுத்தியபடி, ஜன்னலுக்கு வெளியே மறு கையை நீட்டி, அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருந்தார்.